டிகாஷன் இறங்குவதற்குள் ஒரு கோலம்: நிலையில்லாத நாட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த வேலை இன்னும் கைக்கு வரவில்லை. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, வீட்டுக்காரர் எவ்வளவு ஏற்றுவார் என்று தெரியாது. ஊரில் அப்பாவுக்கு எடுத்த ஸ்கேனின் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும் என்கிறார்கள். பெங்களூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று எப்போதும் வாசலில் நிற்கிறது. இப்படிப்பட்ட நாட்களில் மனதை அதிகம் அரிப்பது, எதுவுமே முடிவுக்கு வராமல் தொங்குவதுதான். எங்கே கேட்டாலும் "பார்த்துச் சொல்கிறோம்".

அதனால் தினமும் தொடங்கி, அன்றைக்கே முடிந்துவிடுகிற ஒரு வேலை கைக்கு வேண்டும். பெரிய கான்வாஸ் ஓவியமோ நாவலோ இப்போதைக்கு வேண்டாம். பாதியில் நிற்கும் இன்னொரு பொருளாக அது மாறிவிடும். கோலம் அப்படியில்லை. 15 நிமிடத்தில் முடியும், சாயங்காலத்துக்குள் கால்பட்டு அழியும், மறுநாள் தரை வெறுமையாக இருக்கும். நேற்று கோணிப்போன கோலம் இன்றைக்கு யார் கண்ணிலும் படாது. மனசு சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். கை முன்னால் போகட்டும், மனசு பின்னாலேயே வரும்.

நேரம்

காபி பில்டரில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றியதும் வாசலுக்குப் போங்கள். டிகாஷன் இறங்கி முடியும் நேரம்தான் உங்களுக்கான நேரம். காபி குடிக்காத வீட்டில் 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளலாம். கோலம் முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்பது மட்டும் கறாராக இருக்கட்டும். ஒரு மின்னஞ்சலைப் பார்த்துவிட்டுப் புள்ளி வைத்தால் விரல் வேறு எங்கோ இருக்கும். இழை நடுங்குவதிலேயே தெரிந்துவிடும்.

இடம்

மல்லேஸ்வரம், பசவனகுடி பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரையோ கல் வாசலோ இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். தண்ணீர் தெளித்து, தேங்கியதைத் துடைப்பத்தால் தள்ளி, தரையின் பளபளப்பு மறையும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஈரம் சொட்டும் தரையில் மாவு கரைந்து கோடு பரவும். காய்ந்து போன தரையில் மாவு பிடிக்காது, காற்றில் நகரும். கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

ஒயிட்பீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளில் தாழ்வாரம் முழுக்க வழுவழுப்பான டைல்ஸ். அதில் நேரடியாகப் போட்டால் மாவு சறுக்கும், நடப்பவர் காலும் வழுக்கும். இதற்கு ஒரு கடப்பா கல் பலகை வாங்கிவிடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஏறக்குறைய 19 கிலோ இருக்கும். வைத்த இடத்திலிருந்து அசையாது. கறுப்பில் வெள்ளை எடுப்பாகத் தெரியும். அவ்வளவு கனம் வேண்டாம் என்றால் அதே அளவில் பிளைவுட் வெட்டி, கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்டை இரண்டு கோட் அடித்து, அடியில் ரப்பர் துண்டுகள் ஒட்டுங்கள். கதவோரமாகச் சுவரை ஒட்டி வையுங்கள். படிக்கட்டுக்கும் தீயணைப்புக் கருவிக்கும் போகிற வழியை மறிக்கக்கூடாது. தாழ்வாரம் பெருக்க வருகிற அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கல்லை அவர் சுற்றிப் பெருக்குவார். கல்லைத் துடைப்பது உங்கள் வேலை.

முதுகு வலிக்காரர்கள் பலகையை முக்காலியின்மேல் வைத்துக்கொள்ளலாம். குனிந்துதான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

மாவு

கே.ஆர். மார்க்கெட், காந்தி பஜார், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், அல்சூர் பஜார் பக்கம் எங்கேயும் ரங்கோலிப் பொடி கிடைக்கும். இது வெள்ளைக் கல்லை அரைத்த பொடி. கனமானது, விரலிலிருந்து சீராக இறங்கும், ஆனால் எறும்பு தின்னாது. அரிசி மாவை எறும்பும் குருவியும் தின்னும், ஆனால் விரலில் ஒட்டும். மூன்று பங்கு கல்பொடிக்கு ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்தால் இரண்டின் நல்ல குணமும் வரும். அரிசி மாவைச் சேர்ப்பதற்குமுன் வெறும் வாணலியில், நிறம் மாறாமல், இரண்டு நிமிடம் சூடு காட்டி ஆறவையுங்கள். பெங்களூரின் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழையிலும் மார்கழிப் பனியிலும் மாவு கட்டி தட்டுவதற்கு அதில் இருக்கும் ஈரம்தான் காரணம். பிறகு டீ வடிகட்டியில் ஒருமுறை சலித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்தால் போதும். சிறு கோலத்துக்கு ஒரு கைப்பிடிக்குமேல் ஆகாது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள்; கட்டைவிரல் மட்டும் மெல்ல உருள வேண்டும். தரையிலிருந்து ஒரு அங்குல உயரம் சரி. கை ஏறினால் மாவு தூவலாகச் சிதறும், இறங்கினால் குவியும். குவிகிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள். எங்கெல்லாம் யோசித்து நின்றீர்களோ அங்கெல்லாம் மாவு மேடாக இருக்கும். வழியை முதலில் கண்ணால் ஓட்டிவிட்டு, பிறகு நிற்காமல் இழுத்தால் இது குறையும். முதல் மூன்று நாள் கோலமே வேண்டாம். நேர்க்கோடும் அரைவட்டமும் மட்டும் இழுங்கள்.

முதல் சிக்குக் கோலம்

மேலே மூன்று புள்ளி, அதற்கு நேர் கீழே மூன்று புள்ளி. இடைவெளி மூன்று விரல் அகலம், அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். மேல் வரிசையை 1, 2, 3 என்றும் கீழ் வரிசையை 4, 5, 6 என்றும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுதான்: இழை எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போகும், ஓரத்துக்கு வந்தால் புள்ளியை வளைத்துத் திரும்பும். எந்தப் புள்ளியையும் தொடாது.

1-ன் தலைக்குமேல் தொடங்குங்கள். வலதுபக்கம் சாய்ந்து இறங்கி 1-க்கும் 2-க்கும் நடுவே, பிறகு 2-க்கும் 5-க்கும் நடுவே, பிறகு 5-க்கும் 6-க்கும் நடுவே போய், 6-ன் அடியில் வளையுங்கள். 6-ன் வலப்புறம் சுற்றி மேலேறி 6-க்கும் 3-க்கும் நடுவே, 3-க்கும் 2-க்கும் நடுவே சென்று 2-ன் தலைக்குமேல் வளைவு. அங்கிருந்து இறங்கி 2-க்கும் 1-க்கும் நடுவே, 1-க்கும் 4-க்கும் நடுவே வந்து, 4-ன் இடப்புறம் சுற்றி அடியில் வளையுங்கள். மறுபடி மேல்நோக்கி 4-க்கும் 5-க்கும் நடுவே, 5-க்கும் 2-க்கும் நடுவே, 2-க்கும் 3-க்கும் நடுவே போய் 3-ன் தலையைச் சுற்றி வலப்புறம் இறங்குங்கள். 3-க்கும் 6-க்கும் நடுவே, 6-க்கும் 5-க்கும் நடுவே வந்து 5-ன் அடியில் வளைவு. கடைசியாக 5-க்கும் 4-க்கும் நடுவே, 4-க்கும் 1-க்கும் நடுவே ஏறி, 1-ன் இடப்புறம் சுற்றினால் தொடங்கிய இடத்தில் இழை வந்து சேரும்.

இழை தன்னைத்தானே வெட்டிய இடங்களை எண்ணுங்கள். ஏழு இருக்க வேண்டும். ஆறுதான் இருக்கிறது என்றால் எங்கேயோ சாய்வாகக் கடக்க வேண்டிய இடத்தில் திரும்பிவிட்டீர்கள். பெரும்பாலும் அது 2-க்கும் 5-க்கும் நடுவே நடக்கும், ஏனென்றால் சுற்றிலும் கோடுகள் நெருங்கும் நடு இடம் அதுதான். வாசலில் தடுமாறினால் முதல் நாள் இரவே கட்டம் போட்ட நோட்டில் நான்கு முறை பென்சிலால் போட்டுவிடுங்கள். பி.ஜி. அறையில் தங்கியிருப்பவர்களுக்கு வாசலே கிடையாது. அவர்களுக்கு இந்த நோட்டுதான் வாசல்.

ஒரு வாரம் முழுக்க இதே கோலத்தைப் போடுங்கள். சலிக்கும் என்று பயப்பட வேண்டாம். நான்காம் நாள் கை வழியை மனப்பாடம் செய்துவிடும், அதற்குப் பிறகுதான் வளைவின் அழகில் கண் போகும்.

எத்தனை புள்ளிக்கு எத்தனை இழை

இரண்டாம் வாரத்தில் 3 வரிசை, 4 பத்தி, அதாவது வரிசைக்கு நாலு புள்ளி. இதுவும் ஒரே இழை, 17 வெட்டுகள். 5-க்கு 6 வைத்தாலும் ஒரே இழைதான், ஆனால் வெட்டுகள் 49. இழையை நீட்டிப் பிடித்தால் நாலு மீட்டருக்குமேல் போகும். 3-க்கு 3 வைத்தால் மட்டும் கோலம் திடீரென்று மூன்று தனி இழைகளாகப் பிரிந்துவிடும். தவறு செய்துவிட்டோம் என்று பலர் அழித்து அழித்துப் போடுவது இந்த இடத்தில்தான். அது உங்கள் தவறில்லை. நீள்சதுரமாகப் புள்ளி வைத்து எல்லா இடத்திலும் கடந்து போனால், வரிசை எண்ணுக்கும் பத்தி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்திதான், அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்தான், இழைகளின் எண்ணிக்கை. 2, 3 என்றால் ஒன்று. 3, 3 என்றால் மூன்று. 4, 6 என்றால் இரண்டு. பள்ளியில் படித்த அதே கணக்கு. பாட்டிமார் இதை வகுத்துப் பார்க்கவில்லை, ஆனால் எந்தப் புள்ளிக்கு இழை முட்டாமல் வந்து சேரும் என்று அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் கோலங்களைக் கணினி இலக்கணமாக, அதாவது கணினிக்குப் புரிகிற விதிகளாக, எழுதிக் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாசல்படியில் நடந்தது ஆழ்ந்த சிந்தனை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இனி உங்கள் சொந்தக் கற்பனைக்கு வருவோம். அந்த 3-க்கு 3 கோலத்தில் மேல் வரிசை நடுப்புள்ளியின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் இருக்கிற இரண்டு வெட்டுகளை மட்டும் நீக்குங்கள். அதாவது கோடுகள் அங்கே ஒன்றையொன்று கடக்காமல், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பிறை போல விலகித் திரும்பட்டும். மூன்று இழையும் சேர்ந்து ஒரே இழையாகிவிடும். காரணம் எளிது: இரண்டு வெவ்வேறு இழைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டை நீக்கினால் அவை ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். இப்போது வேறு இரண்டு வெட்டுகளை நீக்கிப் பாருங்கள், வேறொரு உருவம் வரும். எந்த வெட்டை வைப்பது, எதை எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யும்போது, எந்தக் கோலப் புத்தகத்திலும் இல்லாத கோலம் உங்கள் வாசலில் இருக்கும். அன்றைக்கு மட்டும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மற்ற நாட்களில் வேண்டாம். படத்துக்காகப் போடத் தொடங்கினால் அடுத்தவர் வாசலோடு ஒப்பிடத் தோன்றும், கைக்குக் கிடைத்த அமைதி போய்விடும்.

வெள்ளிக்கிழமைக்கு ஈரமாவு

நேரம் கூடக் கிடைக்கிற நாளில் மாக்கோலம். கால் கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மையாக அரையுங்கள். நீர்த்த தோசை மாவு பதத்துக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு கிழித்து மாவில் நனைத்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் மெல்லப் பிழிந்தால் மோதிர விரலின் நுனி வழியாக இழை இறங்கும். போட்ட உடனே கோடு மங்கலாகத்தான் தெரியும். "வெள்ளையே இல்லையே" என்று மேலே மேலே இழுக்காதீர்கள். கால்மணி நேரத்தில் காய்ந்து தானாகவே பளிச்சென்று வெளுக்கும். தடிமனாகப் போட்ட இடம் காய்ந்ததும் வெடித்து உதிரும். மழைநாளில் காய வெகுநேரம் ஆகும், அன்றைக்கு உலர்ந்த மாவே மேல். சுற்றிக் காவிக்கட்டு வேண்டுமானால், வெள்ளை காய்ந்த பிறகே செம்மண் கரைசலைத் தொடுங்கள். முந்தினால் இரண்டும் கலந்து கலங்கிவிடும்.

தெருமுனை மரம்

கோலம் அன்றன்றைக்கு முடிகிறது. அதனோடு, பொறுமையாக நகர்கிற ஒன்றும் பக்கத்தில் இருந்தால் நல்லது. உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கைக்கு அடக்கமான நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று. அவென்யூ ரோட்டில் இரண்டும் கிடைக்கும். வாரம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, 10 நிமிடம். இலை இலையாக வரையக்கூடாது, அங்கேதான் எல்லோரும் சோர்ந்துபோகிறார்கள். முதலில் அடிமரம், பிறகு பெரிய கிளைகள், அதற்குப் பிறகு கிளைகளுக்கு நடுவே வானம் தெரிகிற ஓட்டைகளின் வடிவம். ஓட்டைகள் சரியாக அமைந்தால் மரம் தானாக அமையும். அடியில் தேதியும், அன்று புதிதாகக் கண்ட ஒன்றும் ஒரே வரியில்: "தளிர் செம்பு நிறம்", "மேற்குக் கிளையில் காக்கைக் கூடு". மனக்கவலையை இந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம். கண் வெளியே பார்ப்பதற்காகத்தான் இந்த நோட்டு.

இதற்குப் பெங்களூரைப் போல வசதியான ஊர் குறைவு. லால்பாக் தோட்டங்களை 1908 முதல் கவனித்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல், ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கிற மாதிரி தெருமரங்களைத் தேர்ந்து நடும் முறையை இந்த ஊரில் வளர்த்தார். அந்த வரிசையை இன்றும் பார்க்கலாம்: ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் டபேபுயாவும் ஊதா ஜக்கரண்டாவும், ஏப்ரலில் புங்கையும் சரக்கொன்றையும், மே மாதத்தில் தீப்பிடித்த மாதிரி குல்மோஹர், மழை ஓயும் சமயம் இரவில் மணக்கும் மரமல்லி. அவர் 1956-இல் மறைந்தார். வேலை போன மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே பூத்து நிற்கிற மரம், உங்களை அறியாத ஒருவர் உங்களுக்காகப் போட்டுவைத்த திட்டம். இதை எழுதும்போதும் எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது.

பார்க்கப் போகலாம் என்றால், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இயங்கும் தேசிய நவீன ஓவியக் கூடம் இருக்கிறது. ஒரு தடவைக்கு மூன்று ஓவியங்கள் மட்டும், ஒவ்வொன்றின்முன் ஐந்து நிமிடம். சித்ர சந்தை என்கிற ஓவியச் சந்தை ஜனவரியில் சித்ரகலா பரிஷத் கலைக்கூடமும் அதைச் சுற்றிய குமார க்ருபா சாலையும் நிறையும்படி நடக்கும். வாங்காவிட்டாலும் வரைந்தவர்களிடமே நின்று பேசலாம்.

விட்டுப்போன நாள்

நேற்று போடவில்லை என்றால் இன்றைக்கு இரண்டு போட வேண்டாம். கடன்போலச் சேர்ந்தால் நான்காம் நாள் மொத்தமாக நின்றுவிடும். எழுந்திருக்கவே முடியாத நாளில் ஒரே ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம். 1-க்கு 1 கோலம் அது. கணக்குப்படியும் முழுமையான கோலம்தான். தெரிந்தவர்கள் பாராட்டியவுடன் ஆர்டர் எடுத்து விற்கவும் இப்போதைக்கு இறங்காதீர்கள். பணத்தின் கவலை நுழையாத 15 நிமிடமாவது ஒரு நாளில் இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் இவை இரண்டு வாரத்துக்குமேல் போய்விட்டாலோ, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதைக் கோலத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவியின் இலவச எண்; எந்த நேரமும் தமிழில் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரிலேயே ஓசூர் ரோட்டில் இருக்கிறது.

பக்கத்து வீட்டோடு

ஒரு மாதம் ஆனதும் எதிர்வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிடுங்கள். கன்னடத்தில் இதையே சுக்கி ரங்கோலி என்பார்கள். புள்ளி வைத்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடும், மொழி ஒரு தடையே இல்லை. 5-க்கு 6 கோலத்தை இரண்டு பேர் போடுவதற்கு ஒரு முறை உண்டு. புள்ளிகளை ஒருவரே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரின் விரல் அகலம் வேறுபட்டு நடுவில் இழைகள் சேராது. பிறகு எதிரெதிர் மூலையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, முதலில் ஓர வளைவுகளை மட்டும் முடியுங்கள். நடுப்பகுதியை ஒருவர் இழுக்கும்போது மற்றவர் வெட்டுகளை வாய்விட்டு எண்ணட்டும். 49 வந்துவிட்டால் உள்ளே போய்க் காபியை இரண்டு டம்ளரில் ஆற்றிக்கொண்டு வாருங்கள்.